நம்மைவிடக் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களின் கம்ப்யூட்டரை எப்படி நிர்வகிப்பது?

நொய்யல்கரை · திங்கள், காலை 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். மொத்தம் 70 பேர். அதில் 46 பேர் இன்ஜினியர்கள்: ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எழுதுகிறவர்கள், போர்டு வடிவமைக்கிறவர்கள், எங்கள் கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுகிற ஒருவர். இவரை ஆபீஸில் எல்லோரும் டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். (புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருநாள் கார் சாவியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.) மீதி 24 பேர் கணக்கு, கொள்முதல், எச்ஆர். அவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. பிரிண்டர் வரவில்லை என்பார்கள், போய்ச் சரிசெய்தால் டீ வரும்.

தொல்லை அந்த 46 பேரிடம்தான். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஐஎஸ்ஓ 27001 (தகவல் பாதுகாப்பு) சான்றிதழ் கேட்கிறார். ஆடிட்டுக்கு முன்னால் எல்லா லேப்டாப்பிலும் லோக்கல் அட்மின் உரிமையை (அந்தக் கணினியில் எதையும் நிறுவ, மாற்ற விடும் உரிமை) எடுத்துவிடு, டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய், பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் ரெகவரி கீ எல்லாம் நம் சர்வரில் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நானும் ஒழுங்காக ஒரு வாரம் முன்னதாகவே மெயில் போட்டேன். "வரும் திங்கள் முதல் அட்மின் உரிமை இருக்காது."

திங்கள் எடுத்தேன். செவ்வாய் அறிக்கையில் அட்மின் உரிமை உள்ள இன்ஜினியர் எண்ணிக்கை பூஜ்யம். புதன் காலை பார்த்தால் 31.

நான் கொடுத்த அந்த ஒரு வாரத்தில் யாரோ ஒரு ஸ்கிரிப்ட் எழுதி சாட் குழுவில் போட்டிருக்கிறார்கள். விண்டோஸின் உச்ச உரிமை உள்ள சிஸ்டம் அக்கவுண்டில், குறித்த நேரத்தில் தானாக ஓடுகிற ஒரு ஷெட்யூல்டு டாஸ்க். மணிக்கு ஒருமுறை எழுந்து, அட்மின் குழுவில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்துவிடும். கமெண்ட் எல்லாம் போட்டு அழகாக எழுதியிருந்தார்கள், அதுதான் இன்னும் கோபம்.

டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "ஏனுங்க தம்பி, நான் எழுதற டிரைவர் விண்டோஸோட மையத்துல, கெர்னல்ல ஓடுது. அதுக்குக் கீழ போறதுக்கு இடமே இல்ல. நீங்க எனக்கு அட்மின் இல்லைங்கறீங்களே?" என்றார். ரெகவரி கீயைச் சர்வருக்கு அனுப்பவும் மறுக்கிறார். தன் கீயைத் தானே வைத்துக்கொள்வாராம்.

அவரைவிட எனக்கு விண்டோஸ் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஏதாவது நடந்தால் கேள்வி என்னிடம்தான் வரும். மேலிடத்தில் புகார் செய்வதா, இல்லை வேறு வழி இருக்கிறதா?


பழையசர்வர் · திங்கள், காலை 10.15

தம்பி, புகார் எல்லாம் அப்புறம். முதலில் அந்த ஸ்கிரிப்ட் எழுதியவர் யார் என்று கண்டுபிடித்து டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் 70 லேப்டாப்பில் எது எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கு அடுத்தபடி தெரிந்தவர் அவர்தான்.

நான் இந்த வேலைக்கு வந்து 24 வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் ஒரு டிசைன் அலுவலகத்தில் இதே கூத்தை நானும் செய்தேன். எல்லாவற்றையும் பூட்டினேன். மூன்று மாதம் ஒரு டிக்கெட்கூட (உதவி கேட்கும் கோரிக்கை) வரவில்லை, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒருநாள் கேபிள் இழுக்க மேஜைக்கு அடியில் குனிந்தால், நெட்வொர்க் சுவிட்சோடு சேர்த்து நான்கு சொந்த சிபியு. வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நான் பூட்டிய கணினியில் மெயில் மட்டும் பார்ப்பார்கள், வேலை எல்லாம் அடியில். அவற்றில் பேட்ச் கிடையாது, பேக்கப் கிடையாது, அப்படி நான்கு இருக்கின்றன என்றே எனக்குத் தெரியாது. டிக்கெட் வராததற்கு அதுதான் காரணம்.

உங்கள் ஆட்கள் ஸ்கிரிப்டோடு நிறுத்திக்கொண்டார்களே, அதுவும் உங்கள் அறிக்கையில் தெரிகிற மாதிரி. சந்தோஷப்படுங்கள்.

இன்னொன்று. யாருக்கும் அட்மின் கூடாது என்று ஐஎஸ்ஓ 27001 எங்கேயும் சொல்லவில்லை. 2022 பதிப்பின் இணைப்பில் 8.2 என்ற பிரிவைப் படியுங்கள். சிறப்பு உரிமை யாருக்கு, எதற்கு, யார் கொடுத்தது, எப்போது மறுபடி பார்த்தீர்கள் என்பதைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். அதை "எல்லாருக்கும் எடு" என்று சுருக்கியது உங்கள் மேலிடம்.


அரைப்புள்ளி · திங்கள், காலை 11.02

நான் எதிர்த்தரப்பு. புரோகிராமர். எங்கள் கம்பெனி அட்மின் இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். எங்களுக்குப் புது ஆன்டிவைரஸ் போட்டார்கள். அதற்கு முன் ஒரு பில்ட் (எழுதிய கோடை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) 4 நிமிடம். போட்ட பிறகு 19 நிமிடம். கம்பைலர் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் திறந்து மூடும், ஒவ்வொன்றையும் ஆன்டிவைரஸ் ஒருமுறை முகர்ந்து பார்க்கும். கடைசியில் நான் கம்பைல் செய்த எக்ஸியையே, கையெழுத்து இல்லாத சந்தேகப் பேர்வழி என்று சிறையில் போடும். ஒரு நாளைக்கு 10 பில்ட் என்று கணக்குப் போடுங்கள், இரண்டரை மணி நேரம் போகிறது. டிக்கெட் போட்டேன். "பாதுகாப்பு விதி" என்று மூடிவிட்டார்கள்.

அப்புறம் பிராக்சி, அதாவது எங்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் பெட்டி. வெளியே போகும் எல்லா டிஎல்எஸ் (என்கிரிப்ட் ஆன) இணைப்பையும் நடுவில் பிரித்துப் பார்த்து, கம்பெனி சான்றிதழால் திரும்ப ஒட்டி அனுப்பும். பிரவுசருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் அந்தச் சான்றிதழை விண்டோஸில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் நாங்கள் கோடு எழுதும் கருவிகளில் ஜாவாவுக்குத் தனிச் சான்றிதழ்ப் பெட்டி. பைத்தானின் பிப்புக்கும் அப்போது தனி. நோடுக்குத் தனி. ஒன்றிலும் ஏற்றவில்லை. என்ன நடந்திருக்கும்? டீமில் 12 பேரும் கிட்டில் (கோடைப் பகிரும் கருவி) சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காக வைத்த பெட்டியால், முன்பு இருந்த பாதுகாப்பும் போயிற்று. இதை நாங்கள் திமிருக்குச் செய்யவில்லை. மதியம் ரிலீஸ், காலை பில்ட் ஓடவில்லை, யார் காத்திருப்பார்கள்?

நொய்யல்கரை, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த மெயில் போடுவதற்கு முன் ஒருவரிடமாவது "அட்மின் உரிமையை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள்" என்று கேட்டீர்களா?


நொய்யல்கரை · திங்கள், காலை 11.20

கேட்கவில்லை. (உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.)


தாழ்ப்பாள் · திங்கள், மதியம் 1.30

எல்லோரும் இன்ஜினியருக்குப் பரிந்து பேசுகிறீர்கள். நான் செக்யூரிட்டியில் இருக்கிறேன், கசப்பான பக்கத்தை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் லாஸ்ட்பாஸ் கம்பெனியின் கதை நினைவிருக்கிறதா? 2022. முக்கியமான பேக்கப்புகளைத் திறக்கும் சாவிகள் அங்கே நான்கு மூத்த டெவ்ஆப்ஸ் இன்ஜினியர்களிடம் மட்டும்தான் இருந்தன. அவர்களில் ஒருவரின் வீட்டுக் கணினியில் திருடர்கள் நுழைந்தார்கள். எதன் வழியாக? படம் பார்க்கும் பிளெக்ஸ் மென்பொருளின் பழைய ஓட்டை வழியாக. அதற்கு 2020-லேயே திருத்தம் வந்துவிட்டது, அவர் அப்டேட் செய்யவே இல்லை. உள்ளே வந்து, தட்டும் எழுத்தையெல்லாம் பதியும் கீலாகரை வைத்து மாஸ்டர் பாஸ்வேர்டையே எடுத்துக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டைப் பாதுகாப்பதே தொழிலாக உள்ள கம்பெனியில், மூத்த நிபுணருக்கு நடந்தது இது.

நிபுணருக்கு அறிவு குறைவு என்று சொல்ல வரவில்லை. அவரிடம் சாவி அதிகம். கணக்குப் பிரிவு அம்மாவின் லேப்டாப்பில் நுழைந்தால் ஒரு எக்செல் கிடைக்கும். டிரைவர் அண்ணன் லேப்டாப்பில் நுழைந்தால்? கம்பெனியின் டிரைவர் அசல்தான் என்று டிஜிட்டல் கையெழுத்துப் போடும் சாவி அந்த லேப்டாப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அட்மின் உரிமைப் பேச்சை ஓரமாக வையுங்கள், அதுதான் முதல் வேலை. 2023 ஜூனிலிருந்து இந்தக் கோட் சைனிங் சாவியை வன்பொருள் டோக்கனிலோ (பென்டிரைவ் மாதிரி சின்னக் கருவி) அதற்கு இணையான பாதுகாப்புக் கருவியிலோதான் வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. டோக்கனை மேஜை டிராயரில் போட்டு வைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

அப்புறம் நம் நாட்டுச் சட்டம். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, ஊடுருவல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். லாக் (கணினியில் நடந்தவற்றின் பதிவு) 180 நாள் வைத்திருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் இருக்கும் சிபியுவுக்கு லாக் யார் வைப்பது?


அரைப்புள்ளி · திங்கள், மதியம் 2.05

லாஸ்ட்பாஸ் வீட்டுக் கணினி. அலுவலக லேப்டாப்பில் அட்மினை எடுத்திருந்தால் அது எப்படி நின்றிருக்கும்?

பதிலுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற மென்பொருள் நூலகத்தில் (கோப்பைச் சுருக்கும் பொதுக் கோடு) பின்வாசல் வைத்திருந்ததைக் கண்டுபிடித்தது எந்த செக்யூரிட்டி பெட்டியும் இல்லை. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று நச்சரித்து நச்சரித்துத் தோண்டினார். தோண்டுவதற்கு அவருக்கு அனுமதி இருந்தது. டிக்கெட் போட்டுக் காத்திருந்தால் அந்த நூலகம் இந்நேரம் உலகம் முழுக்க சர்வர்களில் உட்கார்ந்திருக்கும்.


தாழ்ப்பாள் · திங்கள், மதியம் 2.11

சரி. பின்வாசலை வைத்தவர் மட்டும் யாராம்? இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல கோடு எழுதி நம்பிக்கை சம்பாதித்த ஒரு கெட்டிக்காரர்தான்.

வீட்டுக் கணினி பற்றி நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் ஆபீஸ் வேலையை வீட்டுக் கணினியில் ஏன் செய்தார் என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது.


வடமராட்சி · திங்கள், மாலை 6.48

வணக்கம். இலங்கையில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் லினக்ஸ் சர்வர்களைப் பார்க்கிறேன். கம்பெனிக் கதை எனக்குத் தெரியாது, ஆனால் நோய் ஒன்றுதான்.

எங்களிடம் ஜிபியு உள்ள சர்வர் இரண்டுதான். முப்பது ஆராய்ச்சி மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். யாருக்கும் சூடோ (லினக்ஸில் அட்மினாகச் செயல்படும் உரிமை) கொடுக்கக்கூடாது என்று பேராசிரியர் கறாராகச் சொன்னார். நானும் கொடுக்கவில்லை. டொக்கர் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) மட்டும் வேண்டும் என்று கேட்டார்கள், பாவம் என்று எல்லாரையும் டொக்கர் குழுவில் சேர்த்தேன். ஒரு மாணவன் வந்து, "அண்ணை, ஒரு விசயம் காட்டட்டே?" என்றான். சர்வரின் முழு டிஸ்கையும் ஒரு கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்து, பாஸ்வேர்ட் ஹாஷ் கோப்பைத் திறந்து காட்டினான். ஒரே வரிக் கட்டளை. டொக்கர் குழுவில் இருப்பதும் ரூட்டாக (லினக்ஸின் முழு அட்மினாக) இருப்பதும் ஒன்று என்று டொக்கரின் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. நான் வாசிக்கவில்லை, அவன் வாசித்திருக்கிறான்.

அவனுக்குத் திட்டு விழவில்லை. அவனையே கூட வைத்துக்கொண்டு அப்டெய்னருக்கு மாறினோம் (முன்பு சிங்குலாரிட்டி என்று இருந்தது). கண்டெய்னருக்குள்ளும் அவரவர் அவரவராகவே இருப்பார்கள், ரூட் தேவையில்லை. அந்த மாணவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். நான் சொல்லியிருந்தால் பாதிப்பேர் கேட்டிருக்க மாட்டார்கள்.

தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கட இன்ஜினியர்கள் லேப்டாப்பில் விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் ஓடுகிறதா? ஓடினால் 70 கணினி என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லினக்ஸ் இருக்கிறது, அதற்கு விண்டோஸ் அப்டேட் போகாது, உள்ளே இருப்பவர் அங்கே ரூட்.


நொய்யல்கரை · திங்கள், இரவு 8.30

ஓடுகிறது. நான் எண்ணவே இல்லை. இன்றைக்குத் தூக்கம் போச்சு.

தாழ்ப்பாள், சாவி டோக்கனில்தான் இருக்கிறது. டோக்கன் டிராயரில் இல்லை. அதைவிட மோசம், டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் இரண்டு வருடமாகக் குத்தியபடியே இருக்கிறது. அதன் ரகசிய நம்பர் மானிட்டரில் ஒட்டிய சீட்டில்.


புதுசு24 · திங்கள், இரவு 9.12

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இப்போதுதான் இந்தத் துறைக்கு வந்திருக்கிறேன். அவர்களுக்கே எல்லாம் தெரியும் என்றால் அவர்கள் கணினியை அவர்களே பார்த்துக்கொள்ளட்டுமே. நாம் எதற்கு?


பழையசர்வர் · செவ்வாய், காலை 8.05

நல்ல கேள்வி, தப்பே இல்லை.

போன வருடம் எங்கள் ஆபீஸில் ஒருவர் டச்பேட் சரியாக அமுங்கவில்லை என்றார். அடுத்த வாரம் வேறு மாடியில் இன்னொருவர், மூடி சரியாக மூடவில்லை என்றார். இருவருமே என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒருவர் டச்பேட் டிரைவரை மாற்றிப் பார்த்தார், மற்றவர் கீலைத் திருகினார். எனக்கு மட்டும்தான் அந்த இரண்டு லேப்டாப்பும் ஒரே மாதம் ஒரே பில்லில் வாங்கியவை என்று தெரியும். திறந்து பார்த்தால் இரண்டிலும் பேட்டரி உப்பியிருந்தது. அந்த பில்லில் இன்னும் 18 இருந்தன. எல்லாவற்றையும் திறந்தோம். மேலும் ஐந்து கிடைத்தன.

அவர்கள் தங்கள் கணினியை நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். எல்லோருடைய கணினியையும் ஒரே பார்வையில் பார்க்க ஒருவர் வேண்டாமா?

இதே காரணத்துக்காக ரெகவரி கீ விஷயத்தில் மட்டும் டிரைவர் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். 2024 ஜூலை 19 மறக்குமா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் எழுப்பி ஒரு கோப்பை அழிக்க வேண்டும். என்கிரிப்ட் ஆன கணினி என்றால் அதற்கு ரெகவரி கீ கேட்கும். எங்களிடம் 140 கணினி. கீ எல்லாம் ஒரு சர்வரில் பத்திரமாக இருந்தது, அந்த சர்வரும் நீலத்திரையில் நின்றது! நல்ல வேளை, பேக்கப்பிலிருந்து எடுத்தோம். அன்றைக்கு மாடிக்கு மாடி கீயை எடுத்துக்கொண்டு ஓடியது யார் தெரியுமா? நான் பூட்டி வைத்திருந்த அதே இன்ஜினியர்கள். யாரையும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். மதியத்துக்குள் 90 கணினி எழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் அவர்களிடம் பேசும் விதம் மாறியது என்று சொன்னால் என் மனைவிகூட நம்ப மாட்டாள்.


ஆப்பிள்தோட்டம் · செவ்வாய், காலை 9.30

பெங்களூரிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. எங்களிடம் மேக் மட்டும்தான். எஸ்ஏபி நிறுவனம் தன் ஊழியர்களுக்காக எழுதி இலவசமாக வெளியிட்ட "பிரிவிலேஜஸ்" என்ற செயலியைப் பயன்படுத்துகிறோம். எப்போதும் சாதாரண உரிமை. தேவைப்படும்போது இன்ஜினியரே ஒரு பட்டனை அழுத்தி அட்மின் ஆகிக்கொள்ளலாம், காரணத்தை ஒரு வரி எழுதச் சொல்லலாம், நாம் வைத்த நிமிடம் முடிந்ததும் தானாக இறங்கிவிடும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, எனக்கு லாக் வருகிறது. விண்டோஸில் இதே மாதிரி என்ன செய்வது என்று மற்றவர்கள் சொல்லட்டும்.

காரணம் எழுதும் இடத்தில் ஒருவர் மூன்று மாதமாக "ஏனென்றால்" என்று மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது வேறு விஷயம்.


பழையசர்வர் · செவ்வாய், காலை 10.20

விண்டோஸில் எளிய வழி இரண்டு அக்கவுண்ட். தினசரி வேலைக்குச் சாதாரண அக்கவுண்ட், மெயிலும் பிரவுசரும் அதில்தான். அவர் பெயரிலேயே இன்னொரு அக்கவுண்ட், அவர் கணினிக்கு மட்டும் அட்மின். ஏதாவது நிறுவும்போது விண்டோஸ் கேட்கும், அந்த இரண்டாவது பாஸ்வேர்டைக் கொடுப்பார். யார், எப்போது என்பது லாகில் வரும். லினக்ஸ் பழகியவரிடம் "சூடோ மாதிரி" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் ஒத்துக்கொள்வார். "அட்மினை எடுக்கிறோம்" என்றால் ஒரு வருடம் சண்டை போடுவார்.

எல்லாக் கணினியிலும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு வைத்திருந்தால் (வைத்திருப்பீர்கள்!) லேப்ஸ் போடுங்கள். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸிலேயே இருக்கிறது. கணினிக்குக் கணினி வேறு பாஸ்வேர்டு, தானாக மாறும்.

பில்ட் வேகத்துக்கு: விண்டோஸ் 11-இல் டெவ் டிரைவ் என்று ஒன்று 2023-இல் வந்தது. குறைந்தது 50 ஜிபி ஒதுக்க வேண்டும். கோடு எல்லாம் அதில் வைத்தால், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கோப்பைத் திறக்க விட்டுவிட்டுப் பின்னால் ஸ்கேன் செய்யும். சி டிரைவ் முழுக்க விலக்கு கொடு என்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள். இது நடுவழி. உங்கள் ஆன்டிவைரஸ் டிஃபெண்டராக இருந்தால்தான் பயன்.

டிரைவர் அண்ணனுக்குத் தனியாக ஒரு டெஸ்ட் கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா? முறையான கையெழுத்து வாங்காத டிரைவரைச் சோதிக்க செக்யூர் பூட்டை (கணினி எழும்போதே கையெழுத்தைச் சரிபார்க்கும் காவல்) அணைத்து, சோதனைக் கையெழுத்தை ஏற்கும் டெஸ்ட் சைனிங்கைத் திறக்க வேண்டும். கெர்னல் டீபக்கிங் (கெர்னலில் பிழை தேடுவது) என்றால் பொதுவாக இரண்டு கணினி தேவை. மெயில் பார்க்கும் லேப்டாப்பிலேயே அவர் இதையெல்லாம் செய்கிறார் என்றால், தப்பு உங்கள் கொள்முதலில் இருக்கிறது.

கடைசியாக, டொக்கர் டெஸ்க்டாப். 250 பேருக்குக் கீழே என்றால் இலவசம் என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். ஆண்டு வருமானமும் 1 கோடி டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். ஆள் கணக்கில் தப்பித்து வருமானக் கணக்கில் மாட்டாதீர்கள்.


நொய்யல்கரை · செவ்வாய், காலை 11.00

அண்ணே, அவர் மெயில் பார்க்கும் லேப்டாப்பிலேயேதான் செய்கிறார். இரண்டு வருடமாக டெஸ்ட் கணினி கேட்டு மூன்று மெயில் போட்டிருக்கிறாராம். அது யாருக்கு வந்திருக்கிறது என்று பார்த்தேன். எனக்கு முன் இருந்தவருக்கு. அந்த மெயில்பெட்டியை நான் திறந்ததே இல்லை.


நொய்யல்கரை · நான்கு வாரம் கழித்து, திங்கள், காலை 10.10

என்ன ஆனது என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன்.

ஸ்கிரிப்ட் எழுதியவர் ஃபர்ம்வேர் டீமில் இருக்கும் 26 வயதுப் பெண். பழையசர்வர் அண்ணன் சொன்ன மாதிரியே டீக்கடைக்குப் போனோம். எதற்கு அட்மின் தேவைப்படுகிறது என்று கேட்டேன். அரை மணி நேரம் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். 46 பேரிடமும் கேட்டால் நூறு காரணம் வரும் என்று பயந்தேன். மொத்தமே ஆறுதான் வந்தது. சீரியல் கேபிள் டிரைவர், டீபக்கர் டிரைவர், நெட்வொர்க் கார்டின் ஐபி மாற்றுவது, இப்படி. அதில் நான்கை நானே முன்கூட்டி நிறுவி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு 28 பேர் இரண்டாவது அக்கவுண்டே கேட்கவில்லை.

ஒரு இடத்தில் நன்றாக அடி வாங்கினேன். பென்டிரைவைத் தடுக்க வேண்டும் என்பதும் ஆடிட் பட்டியலில் இருந்தது, தடுத்தேன். பத்து நிமிடத்தில் ஃபர்ம்வேர் டீமே என் மேஜையில். அவர்கள் பயன்படுத்தும் எஸ்டிஎம்32 நியூக்ளியோ போர்டு கணினியில் சொருகியதும் பென்டிரைவ் மாதிரிதான் தெரியும். கோப்பை அதில் இழுத்துப் போட்டால் புரோகிராம் ஏறும். அதைத்தான் நான் தடுத்திருக்கிறேன். இப்போது அந்தக் கருவிகளின் ஐடிகளை மட்டும் விலக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலைப் பராமரிப்பது அதே ஸ்கிரிப்ட் பெண்தான், அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மணிக்கு ஒருமுறை ஓடிய அந்த டாஸ்க்கும் இன்னும் இருக்கிறது. பாதி வரிகளை மாற்றி, யாருக்கெல்லாம் அட்மின் இருக்கிறது என்று எனக்குத் தினமும் சொல்கிறது.

டபிள்யூஎஸ்எல் இன்னும் முழுசாகத் தீரவில்லை. எண்ணிவிட்டேன், 39. அப்டேட் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறேன், எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரியவில்லை. டோக்கன் இப்போது பூட்டிய அலமாரியில், கையெழுத்துக்கு இரண்டு பேர் வர வேண்டும். ஆடிட்டர் வந்தார், 8.2-க்கு எங்கள் பட்டியலைப் பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இல்லை?" என்னுடைய தினசரி அக்கவுண்ட் டொமைன் அட்மின், அதாவது கம்பெனிக் கணினிகள் எல்லாவற்றுக்கும் அட்மின். நான்கு வருடமாக அதில்தான் மெயில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று மாலையே பிரித்துவிட்டேன்.

டிரைவர் அண்ணன்: டெஸ்ட் கணினிக்கு அனுமதி வாங்கிவிட்டேன், வருவதற்கு மூன்று வாரம் என்றார்கள். அதைச் சொன்னதும் மனிதர் மறுபேச்சு இல்லாமல் ரெகவரி கீயைச் சர்வருக்கு அனுப்ப ஒத்துக்கொண்டார். "தேவைப்படாது, ஆனா உங்க திருப்திக்கு" என்றார்.

நேற்று ஞாயிறு, பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், அவரிடமிருந்து போன். டெஸ்ட் கணினி இன்னும் வரவில்லை, திங்கள் காலை டெமோ, அவசரத்துக்குத் தன் லேப்டாப்பிலேயே செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறார். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கரை முதலில் நிறுத்தி வைக்க மறந்துவிட்டார். நீலத்திரை கீ கேட்கிறது. அவர் தன்னிடம் வைத்திருந்த நகல் அதே லேப்டாப்பின் உள்ளே.

மொபைலில் கீயைத் திறந்தேன். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டு தொகுதி. பக்கத்தில் நாதஸ்வரம், எதிரில் சாம்பார் வாளி. நான்காவது தொகுதியைப் படித்ததும், "இல்லீங்க தம்பி, தப்பாப் படிக்கறீங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒவ்வொரு தொகுதியும் 11-ல மீதியில்லாம வகுபடணும். இது படல." மறுபடி பார்த்தேன். ஒரு 3-ஐ 8 என்று படித்திருக்கிறேன்.


அரைப்புள்ளி · திங்கள், காலை 10.31

11-ஆல் வகுபடும் என்று இன்றைக்குத்தான் எனக்கும் தெரியும். அந்த மனிதருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


தாழ்ப்பாள் · திங்கள், காலை 10.44

போனில் குரலைக் கேட்டே கீயைக் கொடுத்துவிட்டீர்களா?


நொய்யல்கரை · திங்கள், காலை 10.52

இல்லை. திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்தைக் கேட்டேன், அது பொருந்திய பிறகு வீடியோவில் முகத்தையும் காட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே காட்டினார். அதற்குள் பாயசம் என்னைத் தாண்டிப் போய்விட்டது.